லெராய் கெப்கியின் கல்லீரல்

“ஷாரி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியா இருக்கு?”

ஆஸ்பன் ஃபால்ஸ் கிளினிக்கின் பில் போடும் அறைக்குள் நுழைந்ததும் லெராய் கெப்கி கேட்ட முதல் கேள்வி இதுதான். கதவைத் தட்டவில்லை, காலை வணக்கமும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த தாளை அவர் மேஜைமேல் அறைந்த வேகத்தில் ஷாரி ஏற்றிவைத்திருந்த பூசணிக்காய் வாசனை மெழுகுவர்த்தி அணைந்துபோனது.

“ஐயோ, அதை அணைச்சிட்டீங்களே மிஸ்டர் கெப்கி! இந்த ரூம்ல கொஞ்ச நாளா என்னவோ நாறுது. சுவத்துக்குள்ள எலி செத்துக் கிடக்குதோ என்னவோ” என்று அவள் முதல் காரியமாகத் தீப்பெட்டியைத் தேடினாள்.

“எலி கிடக்கட்டும். என் கேள்விக்குப் பதில் சொல்லு.”

ஷாரி தீப்பெட்டியை மறந்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவளை ஏற்றி இறக்கிய பஸ் டிரைவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள்தான். அது மட்டுமல்ல, எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் குடிக்காத மனிதரைப் பார்ப்பதே அபூர்வம். குடித்தே பண்ணையைத் தொலைத்த தகப்பனுக்குப் பிறந்தவர் லெராய். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரில் மீன் வறுவல் விருந்துக்கு ஊரே பிராந்திக் கிளாஸோடு உட்கார்ந்திருக்கும்போது இவர் முன்னால் மட்டும் ஒரு டம்ளர் பால் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

“இங்க பாரு, ‘கே எழுபது புள்ளி ஒன்பது’ன்னு போட்டிருக்கு. அது என்னன்னு என் சம்சாரம் ஆர்டிஸ் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தா. குடியால கெட்டுப்போன கல்லீரலாம்! முப்பத்தஞ்சு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணினவ, கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை ஏற இறங்கப் பாக்கறா!”

ஷாரி கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

“டிரைவர்களுக்கு எடுக்கற உடம்புப் பரிசோதனைக்கு வந்திருக்கீங்க. சிறுநீர்ல கல்லீரல் டெஸ்ட்டும் எடுக்கணும்னு டாக்டர் பிரிங்க்மன் எழுதியிருக்காரு. அவர் எழுதினதுமே பில் தானா கிளம்பிடும். ஆனா எதுக்கு இந்த டெஸ்ட்னு ஒரு காரணம் சொல்லணும் இல்லையா, அதுக்குத்தான் அந்தக் குறியீடு. டாக்டர் என்ன எழுதியிருக்காருன்னா… ‘கண் லேசாக மஞ்சள். குடியா?’ன்னு போட்டு ஒரு கேள்விக்குறி.”

“கேள்விக்குறிதானே? அந்தக் கேள்விக்குறி எங்க போச்சு?”

“குறியீட்டுல கேள்விக்குறிக்கு இடம் கிடையாதுங்க. இதைப் போடறவங்க வேற எந்த மாநிலத்துலயோ உக்காந்திருக்காங்க. சந்தேகத்தையெல்லாம் குறியீடாக்கக் கூடாதுன்னுதான் அவங்களுக்கு முதல் பாடமே. அவசரத்துல யாரோ போட்டுட்டாங்க.”

“அவசரத்துல ஒருத்தனைக் குடிகாரனாக்கிடுவீங்களா? கண் மஞ்சளாம்! அன்னிக்கு நான் பஸ் டிரைவர் மேல்சட்டை போட்டுட்டு வந்தேன் ஷாரி. அந்தப் பளபளன்னு மின்னுற மஞ்சள் சட்டை. அது பக்கத்துல நின்னா சுவரே மஞ்சளாத்தான் தெரியும்! காலங்காத்தால காபிகூடக் குடிக்காம வந்தேன். நர்ஸ் பேர் ஒட்டின கப்பைக் கையில கொடுத்தா. முன்பக்கக் கழிப்பறையில எவனோ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குடியிருக்கான். அடக்க முடியாம வராந்தா கடைசியில இருக்கற பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடினேன். அந்தக் கப்போட மூடி என் விரலுக்கு அடங்கவே இல்ல. எப்படியோ வெச்சு அமுக்கி, சுவத்துல இருந்த இரும்புப் பொட்டிக்குள்ள வெச்சுட்டு வந்தேன். இவ்வளவு பாடுபட்டதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் குடிகாரன்!”

“கோவிச்சுக்காதீங்க. ரெண்டே நிமிஷம், நானே மாத்திடறேன்” என்றாள் ஷாரி.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் கெட்டது.

ஷாரி மாற்றுவதற்கு முன்பே பழைய தாளின் நகல் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. டிரைவர் பரிசோதனைக்குப் பொறுப்பு பள்ளிக்கூடம் என்பதால் கிளினிக்கிலிருந்து கிளம்பும் எந்தத் தாளுக்கும் அங்கே ஒரு நகல் போகும். அன்று மத்தியானமே பஸ்களுக்குப் பொறுப்பான லுண்டீன், லெராயைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“மிஸ்டர் கெப்கி, எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. பஸ் சாவியைக் கொடுத்துடுங்க.”

“லுண்டீன், நீ ரெண்டாங்கிளாஸ்ல என் சீட்டுக்குப் பின்னாடி வாந்தி எடுத்தப்ப உன்னைத் துடைச்சுவிட்டது யாரு?”

“நீங்கதான். அதனாலதான் மரியாதையாக் கேக்கறேன். பிள்ளைங்க விஷயம். தாள் சரியாகி வரட்டும், சாவி உங்களுக்குத்தான்.”

லெராய் சாவியைக் கொடுத்தார். அவருக்கு அந்த பஸ்தான் உலகம். எந்தப் பிள்ளை எந்த வீட்டு வாசலில் நிற்கும், எந்த நாய் குறுக்கே ஓடும், எந்த வளைவில் முதலில் பனி உறையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்குப் பதில் வந்த ஆள், முதல் நாளே ஒரு பஸ் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பினான். அவர்களும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சந்தோஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தன் பேரில் விழுந்த கறையைத் தானே துடைப்பது என்று லெராய் முடிவு செய்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மீன் வறுவலுக்குப் போனார். “வேண்டாம் லெராய், யாருக்கும் தெரியாததை நீயே போய்த் தண்டோரா போடாதே” என்று ஆர்டிஸ் கையைப் பிடித்து இழுத்தாள். கேட்டால்தானே!

“பாருங்கப்பா இந்த அநியாயத்தை! எனக்குக் குடியால கல்லீரல் கெட்டுப்போச்சாம்!” என்று மேஜைக்கு மேஜை தாளைக் காட்டினார்.

அவர் எதிர்பார்த்த கொதிப்பு யாருக்கும் வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்கார ஹார்லன் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“முப்பது வருஷமா எங்க எதிர்ல உக்காந்து பாலாக் குடிச்சுத் தள்ளினியே, லெராய். வீட்டுக்குப் போய்த் தனியா அடிச்சிருக்கே, இல்ல?”

“டேய், நான் குடிக்கலேன்னுதான்டா…”

“குடிச்சதுக்கு யாரு உன்னைத் திட்டினா? ஒரு தடவையாவது எங்களுக்கு வாங்கிக் கொடுத்தியா? அதைச் சொல்லு! கல்லீரல் கெடற அளவுக்குக் குடிச்சிருக்கான், ஒரு ரவுண்டு வாங்கித் தர மனசு வரல. கஞ்சப்பய!”

கூடம் முழுக்க ஆமோதித்தது. பார்க்காரர் கேட்காமலே ஒரு பிராந்திக் கிளாஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, “இனிமே என்ன ஒளிவு மறைவு? வெக்கப்படாம குடி” என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். லெராய் மீனைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஆர்டிஸ்தான் எடுத்தாள். மறுமுனையில் தேன் ஒழுகும் குரல்.

“வணக்கம்! இன்சூரன்ஸ்லேருந்து கிம்பர்லி பேசறேன். உங்க வீட்டு லெராய்க்கு எங்க வாழ்த்துக்கள்! மசக்கை எப்படி இருக்கு? வாந்தி நின்னுடுச்சா?”

ஆர்டிஸ் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தாள். லெராய் சோபாவில் சாய்ந்து, வயிற்றின்மேல் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லெராய், உனக்கு எத்தனாவது மாசம்னு கேக்கறாங்க.”

நடந்தது இதுதான். பட்டியலில் கல்லீரல் என்று தேடி, குடியில்லாத முதல் வரியை ஷாரி அமுக்கியிருக்கிறாள். அது கர்ப்பிணிகளுக்கு வரும் கல்லீரல் கோளாறு. கம்ப்யூட்டராவது லெராய் ஆணா பெண்ணா என்று பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு, பிரசவ உதவித் திட்டத்தில் அவர் பேரைச் சேர்த்துவிட்டது.

லெராய் உடனே இன்சூரன்ஸுக்குப் போன் போட்டார். ஒரு யந்திரக் குரல், “உங்கள் கர்ப்பம் தொடர்பாக அழைத்திருந்தால் ஒன்றை அழுத்தவும். மற்றவர்கள் காத்திருக்கவும்” என்றது. காத்திருந்தார். பியானோ வாசித்தார்கள். சோறு ஆறிப்போகும் வரை வாசித்தார்கள். பொறுமை போய் ஒன்றை அழுத்தினார். முதல் மணியிலேயே கிம்பர்லி எடுத்துவிட்டாள்.

“நான் கர்ப்பம் இல்லம்மா! நான் ஆம்பளை!”

“புரியுது லெராய். இந்த மாதிரி நேரத்துல மனசு இப்படித்தான் அலைபாயும். நான் இருக்கேன், கவலைப்படாதீங்க. நீங்களே ஒண்ணை அழுத்தி உறுதி பண்ணிட்டீங்க, அதனால குழந்தைக்கான பை இன்னிக்கே கிளம்பிடும்.”

பை வந்தது. உள்ளே அரை டஜன் டயப்பர், ஒரு குட்டித் தொப்பி, கூடவே ஒரு வாழ்த்து அட்டை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு லெராய் லுண்டீனிடம் ஓடினார்.

“பாத்தியா! இவங்க போடற குறியீட்டோட லட்சணம் இதுதான். இதை வெச்சுத்தான் என் சாவியைப் பிடுங்கினே!”

லுண்டீன் தன்னிடம் வந்திருந்த இரண்டாவது நகலை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைத்தார். நீண்ட நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அவருக்கு நல்ல சந்தர்ப்பம்.

“முதல் தாள் நீங்க குடிக்கறீங்கங்குது. ரெண்டாவது தாள் நீங்க மாசமா இருக்கீங்கங்குது. மிஸ்டர் கெப்கி, ஒண்ணு மட்டும்னா நான் எப்படியாவது சமாளிப்பேன். வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டுக் குடிக்கற ஒருத்தரை நான் எப்படி பஸ்ல ஏத்தறது?”

“லுண்டீன்!”

“எனக்குத் தெரியாதா? உங்களைக் கண்ணால பாத்துட்டுத்தானே பேசறேன். ஆனா கோப்புக்குக் கண்ணு இல்லையே. எனக்குத் தாள் வேணும்.”

மறுபடி ஷாரி. இந்தத் தடவை அறையில் இலவங்கப்பட்டை வாசனை மெழுகுவர்த்திகள் இரண்டு எரிந்தன. ஜன்னலும் திறந்திருந்தது. நவம்பர் மாசக் குளிரில் அவள் கோட்டோடு உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

“நாத்தம் தாங்கல மிஸ்டர் கெப்கி. பராமரிப்பு பாக்கற டேரலைக் கூப்பிட்டா, மான் வேட்டை சீசன் முடிஞ்சுதான் வருவேங்கறான்.”

“உன் நாத்தத்தை விட என் நாத்தம் பெரிசு! ஊரெல்லாம் நாறிக்கிட்டு இருக்கேன். எந்த வியாதியும் வேணாம். வெறும் டிரைவர் பரிசோதனைன்னு போடு. எனக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமே இல்லேன்னு போட்டுடு.”

ஷாரி அப்படியே போட்டாள். தன்மேல் கோபம் தாங்காமல் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

இந்தத் தடவை போனில் கிம்பர்லி இல்லை. குரலில் தேனும் இல்லை.

“லெராய் கெப்கி? உங்களுக்குக் கல்லீரல்ல எந்தப் பிரச்னையும் இல்லேன்னு எழுதி வந்திருக்கு.”

“ஆமாம்! அப்பாடா, இப்பவாவது புரிஞ்சுதே!”

“அப்போ எதுக்குக் கல்லீரல் டெஸ்ட் எடுத்தீங்க? முதல்ல குடின்னீங்க, அப்புறம் கர்ப்பம்னீங்க, இப்போ ஒண்ணுமே இல்லங்கறீங்க. குழந்தைக்கான பையை வேற வாங்கி வெச்சிருக்கீங்க. உங்க விஷயத்தை மோசடி விசாரணைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கோம்.”

“அந்தப் பையை நானா கேட்டேன்?”

“தொப்பி இன்னும் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?”

லெராய் போனை வைத்தார். குடிகாரன் என்றபோதுகூட அவர் இப்படி ஆடிப்போகவில்லை. லுண்டீன் வேறு, “குடின்னாகூட சிகிச்சைக்கு அனுப்பிட்டுத் திரும்ப எடுத்துக்கலாம். மோசடின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு தாள், கல்லீரலுக்கு நியாயமான ஒரு காரணத்தோட வரணும். இல்லேன்னா உங்க பஸ்ஸை நிரந்தரமா வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு” என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் லெராய் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆர்டிஸ், இந்த நாட்டுல யோக்கியனா இருக்கணும்னாகூட ஒரு வியாதி இருக்கணும் போலிருக்கு. வியாதி இல்லேன்னா திருடனாம்.”

“டாக்டரைப் போய்ப் பாரேன். கேள்விக்குறி போட்டது அவர்தானே?” என்றாள் ஆர்டிஸ்.

டாக்டர் பிரிங்க்மன் காட்டில் இருந்தார். மான் வேட்டை வாரத்தில் எங்கள் ஊரில் சாகக்கூட முடியாது, சவப்பெட்டி தூக்க ஆள் கிடைக்க மாட்டார்கள். லெராய் ஹார்லனிடம் விசாரித்து, டாக்டர் எந்த மரத்தில் பலகை கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, பனியில் சரக் சரக்கென்று மிதித்துக்கொண்டு போனார். தெரியாமல் எவனாவது சுட்டுவிடுவான் என்று பஸ் டிரைவர் மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர்! நான் லெராய் கெப்கி! கல்லீரல் விஷயமா வந்திருக்கேன்!”

மரத்துக்கு நேர் எதிரே புதரில் நின்றிருந்த ஆண் மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பெரிய கொம்பு, நிதானமான மான். லெராயை ஒரு பார்வை, மேல்சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே தாவில் மறைந்தது.

மேலேயிருந்து டாக்டர் பேசிய முதல் சில வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

“மூணு நாள்! மூணு நாளா அந்த மானுக்காக இங்க விறைச்சுப்போய் உக்காந்திருக்கேன், மிஸ்டர் கெப்கி!”

“நான் மூணு வாரமா வீட்டுல விறைச்சுப்போய் உக்காந்திருக்கேன் டாக்டர்! நீங்க போட்ட ஒரு கேள்விக்குறியால நான் குடிகாரனாகி, கர்ப்பமாகி, இப்போ திருடனாகி நிக்கறேன். கீழே இறங்கி வாங்க. இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நின்னு பாட்டுப் பாடுவேன்.”

டாக்டர் மிரண்டுபோனார். லெராயின் பாட்டைச் சர்ச்சில் கேட்டவர் அவர். அவசரமாகப் போனை எடுத்து, கிளையில் ஏறி நின்று சிக்னல் பிடித்து, ஷாரியைக் கூப்பிட்டார்.

“ஷாரி, ‘ஆர் எண்பத்திரண்டு புள்ளி இரண்டு’ போடு. சிறுநீரில் பித்தம். அவ்வளவுதான். ஏன் வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு அது கேக்காது, யார் மானத்தையும் வாங்காது. டெஸ்ட்டுக்கும் சரியான காரணம். ஆமா, ரிசல்ட்லயும் அப்படித்தானே வந்திருக்கும்? … நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். … சரி, சரி, போட்டுடு. நான் வந்ததும் கையெழுத்துப் போடறேன்.”

லெராயின் கண் கலங்கிவிட்டது. பித்தம்! எவ்வளவு கண்ணியமான வார்த்தை. அதில் பிராந்தியும் இல்லை, டயப்பரும் இல்லை. யார் சிறுநீரில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசக்கூடிய வியாதி.

எல்லாம் மளமளவென்று நடந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். விசாரணையைக் கைவிட்டார்கள். தன் சிறுநீரைப் பரிசோதித்ததில் பித்தம் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்று லெராய் ஒரு தாளில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். டாக்டர் போட்டார். ஷாரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை லுண்டீனே சாவியோடு கிளினிக்குக்கு வந்துவிட்டார். அசல் தாளை நேரில் வாங்கிக்கொண்டு, சாவியை அங்கேயே கொடுப்பதாக ஏற்பாடு. பில் அறையில் பைன் மர வாசனையில் நான்கு மெழுகுவர்த்திகள் எரிந்தன. மூலையில் டேரல் ஒருவழியாக வேட்டை முடிந்து வந்து, டார்ச் லைட்டும் கையுமாகப் பெரிய அலமாரியை நகர்த்தி, சுவரை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

லுண்டீன் தாளை வரிவரியாகப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

“மன்னிச்சுக்கங்க மிஸ்டர் கெப்கி. பிள்ளைங்க உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலமே பஸ்ஸை எடுத்துக்கங்க.”

லெராய் சாவியை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். ஆனால் மூன்று வாரக் கொதிப்பு உள்ளே கிடந்ததே, அது சும்மா விடுமா?

“உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? என் உடம்புக்குள்ளேருந்து வந்ததுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. டாக்டர், இன்சூரன்ஸ், பள்ளிக்கூடம்னு மூணு இடத்துலயும் இன்னிக்குத்தான் என் சிறுநீரைப் பத்தின உண்மையை எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க. இதை முதல்லயே ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் பாத்து எழுதியிருந்தா இவ்வளவு அசிங்கம் வந்திருக்குமா?”

“தப்புதான் மிஸ்டர் கெப்கி” என்று ஷாரி தலையைக் குனிந்துகொண்டாள். லுண்டீன்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து துருப்பிடித்த கதவு ஒன்று கிறீச்சிடும் சத்தம் கேட்டது. டேரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எதையோ கை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி வெளியே வந்தான்.

“ஷாரிக்கா, எலி இல்லக்கா. முன்னாடி லேப் இந்த ரூம்ல இருந்தப்போ, பின்பக்கக் கழிப்பறையிலேருந்து கப்பு வாங்கறதுக்குன்னு சுவத்துல ஒரு இரும்புப் பொட்டி வெச்சிருந்தாங்க இல்ல, அதுல யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க, மூடிகூடச் சரியா மூடல… ‘கெப்கி, லெராய்’னு பேர் ஒட்டியிருக்கு, இதை டெஸ்ட்டுக்கு அனுப்பணுமா, இல்ல கீழ கொட்டிடவா?”